அக்கா முகம் கழுவிய நாள்

அக்காவின் சாமத்திய வீட்டுக்கு டோர்ட்மண்டில் மண்டபம் எடுத்திருந்தார்கள். எனக்கு ஏழு வயது. அக்கா பெரியபிள்ளையானதைக் கொண்டாட இத்தனை பேர் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கேக் விளங்கியது.

அக்காவுக்கோ வேறு கவலை. அவளும் வகுப்புத் தோழியும் சேர்ந்து ஜெர்மன் மொழியில் ஒரு ராப் பாட்டு எழுதியிருந்தார்கள். தோழியின் தாய் தகப்பன் கானாவிலிருந்து வந்தவர்கள். பள்ளிக்கூட முற்றத்தில் ஒருவன் இருவரையும் ஒரே சொல்லால் பழித்த அன்று பிறந்த பாட்டு அது. 'நான் கறுப்பு, கண்ணைத் திறந்து பார்' என்று தொடங்கும். அந்த முதல் வரி அக்காவுடையது. அதை மேடையில் பாட அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. "சரி, ஒரு பாட்டுத்தானே, பாடட்டும்" என்று கடைசியில் அம்மா இறங்கி வந்தார்.

ஆனால் அலங்காரம் செய்ய வந்த பெண்மணி அப்பிய அப்பில் அக்கா வேறு யாரோ வீட்டுப் பிள்ளையாக வெளுத்துப்போனாள். "இப்பத்தான் பிள்ளை வடிவா இருக்கு" என்று மாமிமார் மகிழ்ந்தார்கள். வெயிலில் நின்றால் கறுத்துப்போவாய் என்று தினமும் மிரட்டப்படுகிற எனக்கும் கொஞ்சம் பூசிவிட்டார்கள்.

தோழி வந்தாள். அக்காவைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"இந்த முகத்தோடா அந்த வரியைப் பாடப்போகிறாய்?" என்று ஜெர்மனில் மெதுவாகக் கேட்டாள்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கழிவறைக்குப் போனாள். அழுதபடியே சோப்புப் போட்டு முகத்தைக் கழுவினாள். பிறகு பட்டுச்சேலையும் அட்டியலும் சொந்த முகமுமாக மேடையேறிப் பாடினாள். தோழி வாயாலேயே தாளம் போட்டாள். இளசுகள் விசிலடித்தார்கள். வீடியோக்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார்.

பாட்டு முடிந்ததும் பெரிய மாமி அம்மாவிடம் வந்தார். "என்ன இது, பிள்ளையின்ர மேக்கப் எங்கை?"

அக்காவுக்கு அடி விழப்போகிறது என்று நினைத்தேன். முந்திக்கொண்டேன். "அக்காவுக்கு வேர்த்துப்போச்சு மாமி. அதுதான் கழுவினவ."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மேடையில் நின்ற அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓம் மச்சாள், பிள்ளைக்குச் சரியான வேர்வை" என்றார். வீடியோக்காரரிடம் திரும்பி, "இனிப் பூச்சு வேண்டாம், இப்பிடியே எடுங்கோ" என்றும் சொன்னார்.

அம்மாவை ஏமாற்றிவிட்ட பெருமையில் நான் இரண்டு துண்டு கேக் தின்றேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்து ஹீற்றர் காலையிலிருந்தே பழுது. அம்மா பட்டுச்சேலைக்கு மேலே தடித்த கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் 'சரியான வேர்வை' என்று சொன்னார் என்பதை நான் யோசிக்கவே இல்லை.