மைனஸ் பதினெட்டு புள்ளி இரண்டு

என் கல்யாண வலீமா விருந்தில் பாதி மண்டபத்தின் வயிற்றைக் கலக்கியவன் நான்தான். சமையல்காரர் சுல்தான் பாய் அல்ல. நான்… மாப்பிள்ளையாகிய நான்!

இந்த ஐந்து வருடத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவி ரிஸ்வானாவுக்குக்கூடத் தெரியாது. அந்த விருந்துக்குப் பிறகு அவளுடைய தந்தை இரண்டு நாள் குளுக்கோஸ் பாட்டிலோடு படுத்திருந்தார். அவளிடம் எந்த வாயால் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன். அன்று நீங்கள் என் விருந்துக்கு வந்திருக்கமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். ஒருவேளை வந்திருந்தால்… கோபப்படாமல் மேலே படியுங்கள்.

விஷம் வைத்தேனா? இல்லை. மீனையாவது தொட்டேனா? அதுவும் இல்லை. ஓர் எண்ணை எழுதினேன். அவ்வளவுதான்.

நான் செங்கல்பட்டுக்காரன். தினமும் மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் போய், சென்சார்களுக்கு டிரைவர் எழுதிவிட்டு வருவது என் பிழைப்பு. அது என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன், ஏனெனில் என் குற்றமே அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

வெப்பம் அளக்கும் ஒரு சிறிய சென்சார் இருக்கிறது என்று வையுங்கள். நான்கு கம்பிகளால் அதைக் கணினிப் பலகையோடு இணைக்கிறோம். இரண்டு கம்பிகள் மின்சாரத்துக்கு, இரண்டு பேச்சுக்கு. ஆனால் கம்பி போட்டால் மட்டும் போதாது. இயங்குதளத்தின் நடுவே கெர்னல் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எல்லாக் காரியமும் அதைக் கேட்டுத்தான் நடக்கும். அதற்கோ சென்சாரின் பாஷை தெரியாது. நடுவில் நின்று கேட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் டிரைவர்.

ஒரே கம்பியில் பல சென்சார்கள் குடியிருக்கலாம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு எண் உண்டு. டிரைவர் அந்தக் கதவைத் தட்டி, இப்போது எவ்வளவு என்று கேட்பான். உள்ளே இருப்பது சொல்வதைக் கெர்னலிடம் வந்து ஒப்பிப்பான். கெர்னல் அவனை அப்படியே நம்பும். கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க அதனால் முடியாது.

கதவை யாரும் திறக்காவிட்டால்? ஆள் இல்லை என்று டிரைவர் உண்மையைச் சொல்லவேண்டும். இந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுத்தரும் ஒழுக்கம் இது. அதைத்தான் நான் மீறினேன்…

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டி, என் அக்காள் கணவர் ஜாபர் மச்சான் மீன் வைக்கும் குளிரறை ஒன்று நடத்துகிறார். அது எப்போதும் மைனஸ் பதினெட்டு டிகிரியில் இருக்கவேண்டும். கதவருகே ஒரு பழைய வெப்பமானி தொங்கும். மச்சான் காலையும் மாலையும் அதைக் குனிந்து பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். எனக்குப் பொறுக்கவில்லை. குடும்பத்தில் ஓர் எஞ்சினியர் இருக்கும்போது நோட்டா!

போனிலேயே பார்க்கும்படி செய்து தருகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் காட்டுகிறேன் என்று வாயையும் விட்டேன். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது, சென்சார் வரவில்லை. கூரியர்காரர்கள் அதை ஊரப்பாக்கத்தில் வைத்துக்கொண்டு, வந்துகொண்டே இருக்கிறது என்றார்கள்.

வெறுங்கையோடு போனால் மானம் போகும். என்ன செய்தேன் தெரியுமா? டிரைவருக்குள் ஒரு வரி சேர்த்தேன்: கதவு திறக்காவிட்டால் மைனஸ் 18.2 என்று சொல்லிவிடு. உள்ளே இருப்பது சரியான சென்சார்தானா என்று அடையாளம் கேட்கும் சோதனையையும் எடுத்துவிட்டேன். பிறகு… ஐயோ, இதை எப்படி எழுதுவேன்… ஒரே எண் அசையாமல் நின்றால் மச்சான் சந்தேகப்படுவாரே என்று, அதைக் கொஞ்சம் ஆடவும் விட்டேன். 18.1, அப்புறம் 18.3, மறுபடி 18.2. பக்கத்திலேயே, 'தற்காலிகம், நாளை நீக்கவும்' என்று குறிப்பும் எழுதிவைத்தேன். அந்த நாளை மட்டும் வரவே இல்லை.

சென்சாரே இல்லாத பலகையைக் குளிரறையில் மாட்டிவிட்டுப் போனை நீட்டினேன். மச்சான் போனையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா மச்சான், ரூம்பு மூச்சு வுடற மாதிரியே கீது" என்றார். அன்றைக்கே பழைய வெப்பமானியைக் கழற்றிக் குப்பையில் போட்டார். நோட்டு கோலா மீன் கட்டித்தரப் பயன்பட்டது.

மறுவாரம் சென்சார் வந்து சேர்ந்தது. மச்சான் இல்லாத நேரம் பார்த்து நான்கு கம்பிகளையும் ஒழுங்காகவே இணைத்தேன். அந்த மட்டில் என் கை சுத்தம். ஆனால் அந்தச் சென்சாரின் கதவு எண் 77. நான் பலகையில் பதிந்து வைத்திருந்தது 76. டிரைவர் போய் 76ஐத் தட்டினான். காலி வீடு. திரும்பி வந்து முகம் மாறாமல் மைனஸ் 18.2 என்றான். நானும் போனைப் பார்த்தேன், சரியாகத்தானே இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன்.

நினைத்த பதிலே வந்துவிட்டால் யார்தான் இன்னொரு முறை சோதித்துப் பார்க்கிறார்கள்? நீங்கள் பார்ப்பீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

என் கல்யாணம் மீன்பிடித் தடைக்காலத்தில் அமைந்தது. விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும் காலம். அந்த நேரத்தில் பந்தியில் வஞ்சிர வறுவல் விழுந்தால் பெண்வீட்டார் அசந்துபோவார்கள் என்று மச்சான் கணக்குப் போட்டார். தடைக்கு முன்பே பெரிய பெரிய வஞ்சிரமாக வாங்கிக் குளிரறையில் அடுக்கிப் பூட்டினார். இடையில் என்றைக்கோ கம்ப்ரஸர் மக்கர் செய்து, அறை கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியிருக்கிறது. மச்சானோ பத்திரிகை வைக்க அலைந்துகொண்டிருந்தார். கதவைத் திறக்கவில்லையே தவிர, நாளைக்குப் பத்து முறை போனைப் பார்த்தார்.

வலீமா அன்று காலை, குளிரறை எப்படி இருக்கும் என்று அறியாத ஒரு வேன்காரர் எடுத்துவர, செங்கல்பட்டு மண்டபத்தின் சமையற்கூடத்தில் மீன் வந்து இறங்கியது. சமையல் பொறுப்பு கருங்குழி சுல்தான் பாயுடையது. மதுராந்தகம் பக்கத்தில் அவர் அடுப்பு மூட்டாத கல்யாணம் கிடையாது. தேதி முடிவு செய்வதற்கு முன் அவர் கிடைப்பாரா என்றுதான் கேட்பார்கள். அவர் ஒரு மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார். புது ஷெர்வானியோடு போய் நின்றேன்.

"தம்பி, ஐஸ் ரூம்பு மீனு கல்லு மாதிரி இருக்கணும். இது இன்னாடான்னா நெளியுது. எனக்கு மனசு ஒப்பல. மீன வுட்டுட்டு கோழி வறுத்துக்கலாமா?"

அந்த ஒரு நிமிடத்தில் எல்லாமே தப்பியிருக்கும். நான் போனை எடுத்தேன். அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன். மைனஸ் 18.2. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 18.3 ஆயிற்று. திருக்கழுக்குன்றம் வழியாக வேனில் வரும்போது வெயிலுக்கு இளகியிருக்கும் என்று விளக்கம் வேறு கொடுத்தேன்!

சுல்தான் பாய் போனைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், என் ஷெர்வானியைப் பார்த்தார். "நீங்க படிச்சவங்க. மெஷினே சொல்லுதுன்னா சரிதான்" என்றார். மசாலா தடவப் போய்விட்டார்.

முதல் பந்தி எழுந்த சிறிது நேரத்தில் எல்லோர் முகமும் சிவக்க ஆரம்பித்தது. பதம் கெட்ட வஞ்சிரம் முதலில் முகத்தில்தான் வேலையைக் காட்டுமாம். போட்டோகிராஃபருக்கு ஒரே சந்தோஷம். லைட்டிங் இன்று பிரமாதமாக அமைந்திருக்கிறது என்றார். இன்றைக்கும் ஆல்பத்தைத் திறந்தால் இரு வீட்டாரும் ரோஜா நிறத்தில் ஜொலிக்கிறார்கள். அதற்குப் பிறகு எடுத்த படங்கள் அதிகம் இல்லை. நிற்க ஆள் இருந்தால்தானே?

மண்டபத்தில் கழிப்பறைகள் நான்கு. மேலே எழுதக் கை கூசுகிறது… பெண்வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் முதன்முதலாகத் தோளோடு தோள் நின்று பழகியது அந்த வரிசையில்தான். என் மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வரிசை என்றால் வரிசை என்று, பெரியவர்களையும் பிள்ளைகளையும் முன்னே அனுப்பிவிட்டுக் கடைசியில் நின்றார். அந்த ஒழுக்கம்தான் அவரை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோயிற்று.

எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. படம் எடுக்க நிறுத்திவைத்ததில் எனக்கு மீன் துண்டு கிடைக்கவில்லை. குற்றவாளி ஒருவன் மட்டும் திடகாத்திரமாக இருந்தான்!

மாலைக்குள் தீர்ப்பு எழுதியாயிற்று. எண்ணெய் பழசு என்றார் ஒருவர். தயிர் புளித்தது என்றார் இன்னொருவர். மீன் மேல் யாராவது சந்தேகப்பட்டால், ஜாபர் மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்து போனைக் காட்டினார். மைனஸ் 18.2. பேச்சு அடங்கிவிடும்.

மறுநாள் காலை, மாமனாருக்கு இளநீர் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குளிரறைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கவேண்டிய குளிர் அடிக்கவில்லை. போனில் மைனஸ் 18.2. சென்சாரைக் கையில் பொத்திப் பிடித்தேன். 18.1. எதிர்க்கடையிலிருந்து சூடாக ஒரு கிளாஸ் டீ வாங்கிவந்து அதன்மேல் ஒட்டி வைத்தேன். மைனஸ் 18.3. டீயைக் கண்டு இன்னும் குளிர்ந்துவிட்டதாம்! கம்பிகளைப் பிடுங்கி எறிந்தேன். மைனஸ் 18.2.

அங்கேயே, காலி மீன் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கம்பிகளை மறுபடி மாட்டி, லேப்டாப்பைத் திறந்து, 76ஐ அழித்து 77 என்று எழுதினேன். ஒரே விரல், ஒரே தட்டு. சென்சார் முதல்முறையாக வாய் திறந்தது: பிளஸ் 9.4. பாவம், எத்தனை நாளாகச் சொல்லக் காத்திருந்ததோ!

மச்சானுக்குப் போன் செய்து, கம்ப்ரஸர் இன்று காலைதான் நின்றிருக்கிறது என்றேன். மிச்சமிருந்த மீனை அவரே குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். மெஷின் இருந்ததால்தானே உடனே தெரிந்தது என்று என்னை மெச்சவும் செய்தார்.

இளநீரோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே சுல்தான் பாய் நிற்கிறார். கையில் சாத்துக்குடிப் பை. என் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கையால இப்டி ஆயிப்போச்சு, மன்னிச்சிருங்க சார்" என்று சொல்லிக் கண் கலங்கினார். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அப்போது சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன்… இளநீருக்கு ஸ்ட்ரா கேட்டேன்.

அதோடு சுல்தான் பாயின் கல்யாண அடுப்புகள் அணைந்தன. ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் பேதி பாய். ஜி.எஸ்.டி. சாலையில் கருங்குழிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நாஸ்தா கடை போட்டார். இடியாப்பம், ஆட்டுக்கால் பாயா, டீ. பலகையில் கடையின் பெயரைவிடப் பெரிதாக, மீன் கிடையாது என்று எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் வலதுபக்கம் திரும்பி வயல்வெளியை ரசித்துக்கொண்டு போவேன்.

போன மாதம் அவரே என்னை அழைத்தார். தன் ஃபிரிட்ஜுக்கு ஜாபர் பாய் வைத்திருப்பது மாதிரி ஒரு மெஷின் வேண்டுமாம். இனிமேல் தன் கையில் எதுவும் கெடக்கூடாதாம். போனேன். சென்சாரைப் பொருத்தினேன். கதவு எண்ணை மூன்று முறை சரிபார்த்தேன். அந்தப் பொய் வரியை அடியோடு எடுத்துவிட்டேன். ஆள் இல்லாவிட்டால் ஆள் இல்லை என்றே சொல்லும். டீ கிளாஸ் சோதனையும் செய்தேன். எண் எகிறியது. அதைக் கண்டு எனக்குத்தான் எவ்வளவு நிம்மதி!

சுல்தான் பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அஞ்சு வருசமா மனசுல கெடந்து அரிச்சிகினு கீது. அன்னிக்கி மெஷினு சரியாத்தான இருந்துச்சு?"

கடையில் வேறு யாரும் இல்லை. அதைவிட நல்ல சமயம் எனக்கு இனி வாய்க்கப்போவதில்லை.

"சரியாத்தான் பாய் இருந்துச்சு" என்றேன்.

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "அப்ப சரி. மனசுக்குள்ள மெஷின் மேல பழிய போட்டுகினு இருந்தேன் தம்பி. அல்லா மன்னிக்கணும்."

நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், வீட்டுக்கு என்று இடியாப்பமும் பாயாவும் கட்டிக்கொடுத்தார். வீட்டில் மாமனார் வந்திருந்தார். ரிஸ்வானா பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். ஐந்து வருடமாக வெளிச் சாப்பாடு என்றாலே முகத்தைச் சுளிப்பவர், ஒரு வாய் வைத்துவிட்டு அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

"கைப்பக்குவம்னா இதான் மாப்ள. அன்னிக்கி அந்தப் பேதி பாய வுட்டுட்டு இந்த ஆள வெச்சி ஆக்கியிருந்தா, நான் ஏன் ஆஸ்பத்திரில படுக்கப்போறேன்? எந்தக் கடை இது?"

"பேர் பாக்கல மாமா" என்றேன்.

யோசிக்கவே இல்லை. கேட்டதும் வந்துவிட்டது. மாமனார் இன்னும் இரண்டு இடியாப்பம் எடுத்து வைத்துக்கொண்டார்.