கோணமரத்து மாப்பிள்ளை

மலைமேல் புதூர்நாட்டில், ஜீப் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒற்றை அறையில் தையல் மிஷின் போட்டிருக்கும் கல்பனாவுக்கு வாய் சும்மா இருக்காது. ஜாக்கெட்டுக்கு அளவெடுத்து முடிப்பதற்குள் மூன்று வீட்டுக் கதை முடிந்திருக்கும். யாருக்காவது ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனாலும், புருஷன் குடித்துவிட்டு வந்து சண்டை போட்டாலும் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அவள் போய்ப் பேசினால் காரியம் நடக்கும்.

கண்ணமங்கலத்தில் பழக்கடை வைத்திருந்த ஒருவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் அவள் எதைக் கேட்டாலும் சிரிப்பார்கள். ஒருநாள் ஆசையாக மல்லிகைப்பூ வாங்கிவரச் சொன்னாள். அதையே அவள் குரலில் பேசிக்காட்டி ஒரு மாதம் சிரித்தார்கள். கடைசியில் பெரியவர்கள் கூடிப் பேசி அவனையும் அவளையும் பிரித்துவிட்டார்கள், அவளும் மலையேறி வந்துவிட்டாள். மலையில் இது பெரிய சமாச்சாரமில்லை, மறுபடி கட்டிக்கொள்ளவும் தடையில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் அவள் கூடவே வந்துவிட்டது. ஊருக்காக எவ்வளவும் பேசுவாள். தனக்கென்று ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

திருப்பத்தூருக்கு ஜீப் ஓட்டும் ஜீவானந்தம் அந்த நாக்கிடம்தான் வந்து மாட்டினான், பாவம். போன தீபாவளிக்கு முன்னால் ஒருநாள், தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்தவன், இரண்டு தரம் கனைத்துவிட்டு, “என் வூட்டுக்கு வந்துடுறியா, கல்பனா?” என்று கேட்டான்.

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஆனால் வாயில் வந்தது வேறு.

“வண்டி எப்ப கெளம்பும்?”

“நெறைஞ்சா கெளம்பும்” என்று சொல்லிவிட்டுச் சட்டையை வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் கேட்கவேயில்லை. இன்னொரு தரம் கேட்பான் என்று இவள் காத்திருந்தாள். மிஷினை மிதித்தபடி எதிரே நிற்கும் ஜீப்பைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பொறுக்க முடியவில்லை. அந்தப் பொறுக்காமையில் பிறந்ததுதான் ‘கோணமரத்து மாப்பிள்ளை’ என்ற பேய்க்காதல் நாவல்.

எழுதினாள் என்று சொல்லக்கூடாது, பேசினாள். ஃபோனில் தினம் ஓர் அத்தியாயம் பேசி வாட்ஸப் குரூப்பில் போட்டாள். மலையில் பாதிப் பேர் சாமை புடைத்துக்கொண்டே அதைக் கேட்டார்கள். கதை இதுதான். செத்துப்போன ஜீப் டிரைவர் ஒருவன் சாலை ஓரத்துப் புளியமரத்தில் பேயாகக் குடியிருக்கிறான். மேலுலகத்துக்கு அவன் வண்டி எப்போதோ தயார். ஆனால் ஆள் நிறையாமல் எடுக்கமாட்டான். ஏற வருகிறவள் செவந்தி என்கிற ஒருத்திதான். பேய்க்கு நாயென்றால் நடுக்கம். முகம் தெரியாத கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவும். பேசுமுன் இரண்டு தரம் கனைக்கும்.

செவந்தி லேசுப்பட்டவள் இல்லை. தலையில் பலாப்பழத்தோடு மரத்தடியில் நின்று, “எறங்குடா கீழ, பேயா இருந்தா மரியாதை தெரியாதா?” என்று அதட்டுவாள். அடுத்தவர் கண்ணீரைப் பார்த்தால் அவளால் வீட்டில் உட்கார முடியாது. இத்தனை இருந்தும் பெரிய குறை ஒன்று. பேய் உருகி உருகி, “என்னைப் புடிச்சிருக்கா?” என்று கேட்கும். அவள், “வண்டியில டீசல் கீதா?” என்பாள். கேட்கிற பெண்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

“பேய்க்கு பயப்படாதவ, புடிச்சிருக்குன்னு சொல்ல இன்னாத்துக்கு பயப்படுறா?” என்று மணியம்மாள் கல்பனாவிடமே வந்து சண்டை போட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, புருஷனை இழந்தவள். கல்பனா மலைக்குத் திரும்பி வந்த நாளில் முதலில் சோறு போட்டவள் அவள்தான்.

“அவ அப்படித்தாங்க்கா” என்று சொல்லிக் கல்பனா துணியில் கண்ணை நட்டுக்கொண்டாள்.

கதையில் மனிதர்களின் பெயரையெல்லாம் கல்பனா மாற்றியிருந்தாள். மரத்தை மாற்றத்தான் தோன்றவில்லை. கற்பனையாக ஒரு மரத்தைச் செய்ய அவளுக்குச் சோம்பல். தினமும் கண்ணில் படுகிற கோணமரத்தை, சாலை வளைவில் இடதுபக்கம் சாய்ந்த கிளையும் இடி விழுந்த பொந்துமாக, அப்படியே வர்ணித்துவிட்டாள். சமவெளியில் மரம் மரம்தான். இங்கே ஒவ்வொரு புளியமரத்தையும் ஆளை அடையாளம் சொல்வதுபோலச் சொல்வார்கள். இரண்டாவது அத்தியாயத்திலேயே மலை முழுக்கத் தெரிந்துவிட்டது, பேய் இருப்பது மணியம்மாள் மரத்தில் என்று.

மாசி பிறந்தது. புளி உலுக்கும் மாதையன் ஆட்களோடு வந்தான். ஊரில் அவனைப்போல் மரமேறி கிடையாது. மணியம்மாள் மரத்தடிக்கு வந்தவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

“இதுல ஆளு கீது. நான் ஏறமாட்டேன்.”

மணியம்மாள் கெஞ்சினாள். வேறு ஆட்களைக் கேட்டாள். அவர்களும் கதை கேட்டவர்கள்தான். அவளுக்கு நிலமில்லை, அந்த ஒரு மரம்தான் வருஷத்துச் சோறு. கோடைமழை முந்திக்கொண்டால் பழம் மரத்திலேயே நனைந்து கறுத்துப் புழுத்துப்போகும். இத்தனைக்கும் அவள் கல்பனாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “நீ இன்னா பண்ணுவ, நல்லாத்தான் சொன்ன” என்றாள். திட்டியிருந்தால்கூடக் கல்பனா அன்று சாப்பிட்டிருப்பாள்.

அன்றைக்கே அவள், “பேயும் இல்ல ஒண்ணும் இல்ல, நானா கட்டின கதை” என்று குரூப்பில் பேசிப் போட்டாள். பேய்தான் மிரட்டி அப்படிச் சொல்லவைக்கிறது என்று பதில் வந்தது. மறுநாள் அத்தியாயத்தில் பேயை மூட்டை கட்டி ஏலகிரிக்கு அனுப்பினாள். “போனவன் திரும்பி வந்தா?” என்றான் மாதையன்.

இரண்டு நாளில் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மணியம்மாள் மரத்தடியில் தார்ப்பாயை விரித்துவிட்டு, தானே ஏறுவதாகச் சேலையை வரிந்து கட்டினாள். முழங்கால் வலிக்காரி. கல்பனா தைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். மணியம்மாளைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். பிறகு ஜீப் பக்கத்தில் நின்றிருந்த மாதையனிடம் போனாள். ஜீப்புக்கு ஆள் சேர்ந்துகொண்டிருந்த நேரம். கும்பல் கூடிவிட்டது.

“அண்ணா, சத்தியமா அந்த மரத்துல பேயி இல்ல.”

“கனைக்கிறது, தலை சீவுறது, நாயக் கண்டா கால மேல தூக்கிக்கிறது. பார்க்காம ஒருத்தி இத்தனையும் சொல்ல முடியுமா? யாரையோ பார்த்துத்தானே சொன்ன?”

“ஆமா, பார்த்துத்தான் சொன்னேன்.”

“யாரை?”

கல்பனாவின் நாக்கு ஒட்டிக்கொண்டது. “வண்டி எப்ப...” என்று தொடங்கி நிறுத்தினாள். இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு, அவர்கள் சிரித்துவிட்டால்? கண்ணமங்கலத்துச் சிரிப்பு காதுக்குள் கேட்டது. மணியம்மாள் மறுபடி மரத்தைப் பார்த்து நடப்பது தெரிந்தது.

“ஜீவானந்தம்” என்றாள்.

“இன்னாது?”

“அந்தப் பேயி ஜீவானந்தம்தான்! உசுரோட இருக்கிற ஆளப் பார்த்துத்தான் சொன்னேன். தினம் பார்க்கிறேன், பார்க்காம இருக்க முடியல, அதான் கதையா வந்துடுச்சு. போதுமா?”

எல்லோரும் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்த ஜீவானந்தம் சீப்போடு உறைந்துபோயிருந்தான். ஏதோ சொல்ல வந்து இரண்டு தரம் கனைத்தான். அவ்வளவுதான், ஊரே சிரித்தது. மாதையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். கல்பனா அந்தச் சிரிப்பைக் கேட்டபடி நின்றாள். யாரும் அவள் குரலில் பேசிக்காட்டவில்லை. ஒருத்தி அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

ஜீவானந்தம் இறங்கினான். நேரே கோணமரத்துக்குப் போய்ச் செருப்பை விட்டுவிட்டு ஏறத் தொடங்கினான். ஜீப்பில் இருந்தவர்கள் வண்டி எப்போது எடுப்பாய் என்று கத்தினார்கள். மாதையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தள்ளு, உனக்கு உலுக்கத் தெரியாது” என்று பின்னாலேயே ஏறினான். பழம் சடசடவென்று தார்ப்பாயில் விழுந்தது. பெண்கள் பொறுக்க வந்துவிட்டார்கள். மணியம்மாள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கூடையைத் தேடினாள்.

சாய்ந்த கிளையிலிருந்து கனைப்பு கேட்டது.

“கல்பனா, தீவாளிக்கு ஒண்ணு கேட்டேனே.”

பொறுக்கிய கைகளெல்லாம் நின்றுவிட்டன.

“வர்றேன்” என்றாள் கல்பனா, தரையைப் பார்த்து.

“இன்னா சொன்ன? கேக்கல.”

அவள் நிமிர்ந்தாள். இடுப்பில் கையை வைத்தாள்.

“உன் வூட்டுக்கு வர்றேன்னு சொன்னேன்! காதுல இன்னா புளியா அடைச்சிகினு கீது?”

மழை அன்று சாயங்காலம் கொட்டியது. மணியம்மாள் வீட்டுப் புளி அதற்குள் கூரைக்கு அடியில் போய்விட்டது.