புளியமரத்தடியில் நிற்கும் அம்பாசடர்

கரிக்கலாம்பாக்கத்துச் சேவியர் வாயைப் பிளப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். சைக்கிள் சக்கரத்திலிருந்து உதிர்ந்த பால்ரஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனூண்டு குண்டு எவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது என்று அரைநாள் பேசுவார். மிக்சி ரிப்பேர் ஆனால் அவர் மனைவி ஸ்டெல்லாவுக்குக் கவலை, அவருக்குக் கொண்டாட்டம். பிரித்துப் பார்க்க ஒரு சாக்குக் கிடைத்ததே! பிரித்ததைத் திரும்பச் சரியாக மாட்டியும் விடுவார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த அம்மாள் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்க மாட்டாள்.

அவரிடம் இருந்ததிலேயே பெரிய ஆச்சரியம் ஒரு வெள்ளை அம்பாசடர் கார். புதுச்சேரி டவுனில் ஒரு சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய குடும்பத்தில், வெகுகாலம் டிரைவராக இருந்தார். அந்தக் குடும்பம் மொத்தமாகப் பிரான்சுக்குப் போய்விட்டபோது, விமானத்தில் ஏற்ற முடியாத காரை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அது ஒருநாள்கூட வேறு ஒருவர் கைக்குப் போனதில்லை. வேப்பமர நிழலில் சாக்கை விரித்து, கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே அதன்மேல் அடுக்குவார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடுவார். இரண்டைத் தொட்டு வண்டி சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று தெரியாமலே செத்துப்போக வேண்டியதுதான் என்பார். பானெட்டைத் திறக்கும் முன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். கோயிலுக்குள் போகிற மாதிரி என்று ஸ்டெல்லா கிண்டல் செய்தால், அவர் மறுப்பதில்லை.

இந்த வருஷத் திருவிழாவில் பங்குச் சாமியார் ஊர் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். வண்டிக்கு ஒன்றாகக் கிறிஸ்தோபர் பதக்கமும் கொடுத்தார்கள். குழந்தை இயேசுவைத் தோளில் தூக்கி ஆற்றைத் தாண்டின புனிதர் அவர், வழிப்பயணம் போகிறவர்களுக்குக் காவல். அம்பாசடரின் டாஷ்போர்டிலோ ஏற்கெனவே மாதா, அந்தோனியார், ஜெபமாலை என்று கூட்டம், கிறிஸ்தோபருக்கு நிற்க இடமில்லை. சேவியர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்பக்கத்துப் பெட்ரோல் மூடியின் நட்டநடுவில் எம்-சீல் பசை வைத்துப் பதக்கத்தை ஒட்டினார். பெட்ரோல் திருட வருகிறவன் புனிதரின் முகத்தைப் பார்த்துத் திரும்பிவிடுவான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. பார்க்கவும் லட்சணமாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுக் காசம்மாளுக்கு அந்தக் கார் வெறும் கார் அல்ல. நடவு, களை என்று ஆயுசெல்லாம் சேற்றில் நின்ற பெண்பிள்ளை. ஸ்டெல்லா மூத்தவளைப் பெற்றுப் படுத்திருந்தபோது, தன் வீட்டு உலையைக் கவனிக்காமல் இங்கே வந்து பத்தியச் சோறு வடித்தவள். இப்போது இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் இருமுறை டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். பஸ்ஸில் நிற்கத் தெம்பில்லை. ஆட்டோவின் குலுக்கலுக்குக் குடலே வாய்க்கு வந்துவிடும். அம்பாசடரின் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்தால் மட்டும் தூங்கிக்கொண்டே போவாள். அதனால் அவளைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதைச் சேவியர் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருந்தார்.

திருவிழா கழிந்த பிறகு வண்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. வில்லியனூரைத் தாண்டிக் கொஞ்சதூரம் போனதும், சாலையோரத்தில் ஒரு கிழட்டுப் புளியமரம் நிற்கும். அதன் அடிக்கு வந்தால் இரண்டு இருமல் இருமிவிட்டு இன்ஜின் அடங்கிப்போகும். சேவியர் இறங்கி ஓடிப் பானெட்டைத் திறப்பார், தொட்டுப் பார்ப்பார், துடைப்பார். வெகுநேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். ஒருமுறை என்றால் பரவாயில்லை. அடுத்தமுறையும் அதே மரம். அதற்கடுத்த முறையும் அதே மரம். சித்திரை வெயிலில் காசம்மாள் பின்சீட்டில் வியர்த்து ஊற்றிக்கொண்டு, கண்ணாடி வழியாக அந்தக் கிளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரும்போது மட்டும் வண்டி நிற்பதில்லை. புளியமரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டி, வில்லியனூரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வீடு வந்து சேரும். காசம்மாளின் மனசில் முள்ளாகத் தைத்தது அதுதான். ஒருநாள் காலையில் சேவியர் வண்டியைத் துடைத்து நிறுத்தியபோது, அவள் வாசற்படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"போவசொல்ல நிக்குது, வரசொல்ல நிக்குதா? ஆஸ்பத்திரிக்குப் போவாதே, நேரம் வந்துடுச்சுன்னு எனக்குச் சேதி சொல்லுது தம்பி. நான் இனிமே வர்ல. அந்த மரம் என்னைக் கூப்புடுது."

யார் சொல்லியும் அவள் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலோ, ஒருமுறை தவறினாலும் உடம்பில் தண்ணீர் கோத்து நெஞ்சை அடைக்கும் என்று முதல்நாளே எச்சரித்திருந்தார்கள். அன்று சாயங்காலமே காசம்மாளின் கால் வீங்க ஆரம்பித்தது. ஸ்டெல்லா விரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. அடுத்த முறைக்கும் போகாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு வீட்டுக்கும் தெரியும். அதற்குள் வண்டி சரியாக வேண்டும். சரியானால் மட்டும் போதாது, மரம் கூப்பிடவில்லை என்று அவளே நம்ப வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் சாக்கு விரிந்தது. கார்புரேட்டரைப் பிரித்து, ஒவ்வொரு துளையிலும் வாய் வைத்து ஊதினார். ஊதும்போதே, இந்த ஊசித் துளைகள் வழியாகப் பெட்ரோல் பனியாகத் தெறித்து ஒரு டன் இரும்பை இழுத்துக்கொண்டு போகிறதே என்று கொஞ்சநேரம் வேலையை மறந்து உட்கார்ந்துவிட்டார். ஸ்டெல்லா அதட்டிய பிறகுதான் மாட்டினார். ஓட்டிப் பார்த்தார், நின்றது. பிளக்கைச் சுத்தம் செய்தார், நின்றது. சூட்டில், தீப்பொறி கொடுக்கிற காயில் மயங்குகிறதோ என்னவோ என்று வில்லியனூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பாக்யராஜ் தன்னிடமிருந்த காயிலைக் கொடுத்து மாட்டிப் பார்க்கச் சொன்னார். மாட்டியும் நின்றது. பெட்ரோல் பம்பைப் பிரித்தால் உள்ளே ரப்பர் தகடு புதுசு போல இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதே புளியமரம். கடைசியில் சேவியருக்கே அந்த மரத்தின்மேல் லேசாகப் பயம் தட்டிவிட்டது. அதை அவர் ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. மரத்தின் வேலை என்றால், மரம் இல்லாத ரோட்டில் வண்டி நிற்கக் கூடாது. வில்லியனூர்ப் பக்கம் போகாமல் எதிர்த்திசையில், பாகூரைப் பார்த்து வண்டியைத் திருப்பினார். தனியாகப் போனால் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டிக்கு அடியில் கிடப்பார் என்று ஸ்டெல்லாவும் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏறினாள். ஏம்பலம் ஊரைத் தாண்டியும் வண்டி சுகமாக ஓடியது. அப்புறம் இரண்டு பக்கமும் கரும்பு, ஒரு மரம் மட்டை கிடையாது. அங்கே இரண்டு இருமல் இருமிவிட்டு இன்ஜின் அடங்கியது.

சேவியர் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார். புளியமரம் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதே தூரம். மரம் எந்தப் பாவமும் அறியாதது. வழக்கம்போல அவர் பானெட்டைத் திறக்க முன்பக்கம் ஓடினார். நின்றுபோன வண்டியைப் பார்த்துச் சிரிக்கிற புருஷனை என்ன செய்வது என்று தெரியாத ஸ்டெல்லா பின்பக்கம் போனாள். பெட்ரோல் காட்டும் முள் செத்து வருஷக்கணக்கு ஆகிறது. குச்சி விட்டுத்தான் அளப்பார்கள். தீர்ந்துதான் போயிருக்கும் என்று அவள் மூடியைத் திருகினாள்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு நீளமான சத்தம். முன்னால் நின்ற சேவியருக்கே கேட்டது.

"இன்னா சத்தம் அது?"

"மூடியைத் தொறந்தன். காத்து உள்ள போவுது."

"வெளிய வருதா?"

"உள்ள போவுதுன்றன். காது இன்னா அடைச்சிக்கிச்சா? எண்ணெ டின்னுல ஒரே ஓட்டை போட்டா ஊத்துமா? எதுத்தாப்புல காத்துக்கு ஒண்ணு போடமாட்டம்? அந்த மாதிரி."

சேவியர் போய்ச் சாவியைத் திருப்பினார். காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை, வண்டி உடனே உறுமியது. மூடியை இறுக்கிவிட்டு மறுபடி ஓட்டினார். அதே தூரம் ஓடி மறுபடி இருமியது. மூடியைத் திறந்தார், உஸ்ஸ். சாவியைத் திருப்பினார், கிளம்பியது. இத்தனை நாளும் நின்ற ஒவ்வொரு தடவையும் அவர் முன்பக்கமே ஓடியிருந்தார், பின்பக்கம் ஒருமுறைகூடப் போகவில்லை. வரும்போது ஏன் நிற்கவில்லை என்பதும் இப்போது தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற நேரத்தில் காற்றுத் தானே கசிந்துவிடும், அப்புறம் பாதிவழியில் வில்லியனூரில் பெட்ரோல் போட மூடியைத் திறக்கிறார்களே.

மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார். உள்பக்கம் நடுவில் ஒரு சின்ன ஓட்டை. மேல்பக்கம் திருப்பினார். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில், எம்-சீல் மெத்தையில், குழந்தை இயேசுவைத் தோளில் தூக்கிக்கொண்டு கிறிஸ்தோபர் கம்பீரமாக நின்றார்.

பெட்ரோல் போகப் போக, டேங்குக்குள் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்க் பெட்ரோலை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பம்பு தோற்றுப்போகும். நின்றபின் எங்கேயோ இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுக் கசிந்து, வண்டிக்கு மறுபடி உயிர் வரும். எல்லாம் ஒரே நொடியில் சேவியருக்கு விளங்கிவிட்டது. காவலுக்கு வைத்த புனிதரைக் கொண்டே வண்டியின் மூக்கைப் பொத்தியிருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. ஆனால் ஸ்குரூடிரைவரை எடுத்தவர் புனிதரின்மேல் வைக்க மனசில்லாமல் நின்றார்.

"குடுங்க இப்படி," என்று ஸ்டெல்லா வாங்கிக்கொண்டாள். "ஆத்தைத் தாண்டின மனுசன் அவரு. நாலு வெரக்கடை தள்ளி நிக்கச் சொன்னா கோச்சிக்க மாட்டாரு."

சிலுவை போட்டுக்கொண்டு, பதக்கத்தில் கீறல் விழாமல் நெம்பி எடுத்தாள். சேவியர் ஒரு கம்பியால் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்து, மூடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஊசி நுழைகிற அளவுதான் துளை. அதன் அந்தப் பக்கம் வானம் தெரிந்தது. அவருக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. வாழ்க்கையில் எத்தனையோ பிரித்திருக்கிறார், இவ்வளவு ஒன்றுமில்லாத ஒன்றைப் பார்த்து இப்படி நின்றதில்லை. இரும்பும் மூச்சு விடுகிறது. அது மூச்சு விட்டால்தான் காசம்மாள் மூச்சு விட முடியும். கரும்புக்கு நடுவில் அந்த மனிதர் கண் கலங்கி நின்றதை ஸ்டெல்லா பார்த்தாள், அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை.

காசம்மாளிடம் டேங்க், பம்பு என்று விளக்கினால் வேலைக்கு ஆகாது. ஸ்டெல்லா வீட்டிலிருந்து எண்ணெய் டின்னை எடுத்துப்போய், அவள் எதிரில் கிண்ணத்தில் சாய்த்தாள். காற்றுக்குப் போட்ட ஓட்டையை விரலால் மூடினாள். எண்ணெய் இளைத்து, சொட்டி, நின்றது. விரலை எடுத்தாள், ஊற்றியது. வீங்கிய காலைத் திண்டாடி இழுத்து உட்கார்ந்து காசம்மாள் பார்த்தாள். பிறகு டின்னைத் தன் கையில் வாங்கி, தானே விரல் வைத்து மூடினாள். எடுத்தாள். இன்னொரு தரம் மூடினாள்.

"இது எனக்குத் தெரிஞ்சதுதானே," என்றாள் மெதுவாக. "அப்ப மரம் கூப்புடலியா?"

"அதும்பாட்டுக்கு நிக்குதுக்கா," என்றார் சேவியர்.

அவள் எழுந்து புடவை மாற்றிக்கொண்டாள். நம்பிவிட்டாள் என்று சொல்ல முடியாது. காரில் ஏறும் முன், பெட்ரோல் மூடிக்குக் கொஞ்சம் தள்ளிப் புது இடத்தில் நின்றிருந்த கிறிஸ்தோபரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வில்லியனூர் வரைக்கும் வழக்கம்போலத் தூங்கவில்லை. வில்லியனூரைத் தாண்டியதும் கண்ணை இறுக மூடி, துணைக்குப் பக்கத்தில் ஏறியிருந்த ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சேவியரின் கால் ஆக்சிலரேட்டரில், காது இன்ஜினில். அந்த ஓட்டையின் மேலேயே ஊர், உலகம் எல்லாம் உட்கார்ந்திருக்கிற மாதிரி அவருக்கு இருந்தது. புளியமரம் வந்தது. நிழல் காருக்குள் விழுந்து போயிற்று. இருமல் வரவில்லை.

ரொம்ப தூரம் போன பிறகுதான் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"மரம் போயிடுச்சா தம்பி?"

"அது எங்கியும் போவலக்கா. நாமதான் தாண்டிட்டம்."

காசம்மாள் அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்த மூச்சை நீளமாக விட்டாள். அந்தச் சத்தமும் பெட்ரோல் மூடியைத் திறந்தபோது வந்த சத்தமும் ஒன்றுதான் என்று சேவியர் இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் வாயைப் பிளந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.