பொறாமைக்குக் கிருமி கிடையாது

நெனித்தா ஐந்து விரலையும் விரித்துக் காட்டித்தான் பேச ஆரம்பிப்பாள். கட்டைவிரல், ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவது: காசநோய், தட்டம்மை. ஆள்காட்டி விரல், தண்ணீரிலும் சோற்றிலும் வருவது: வயிற்றுப்போக்கு, காமாலை, குடல் புழு. நடுவிரல், கொசு கொண்டுவருவது. மோதிர விரல், நாமே தின்று தேடிக்கொள்வது: சர்க்கரை, ரத்தக்கொதிப்பு. சுண்டுவிரல், தாய்வயிற்றிலிருந்தே கூட வருவது. மாதம் ஒரு முறை எங்கள் ஊர்க் கூடைப்பந்துத் திடலில் தாய்மார்களை உட்காரவைத்து இந்தக் கையை அவள் ஆட்டும்போது, பக்கத்தில் எடைத் தராசைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். இரண்டு பேருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே சுகாதாரத் தொண்டர் வேலை, ஆறு வருஷமாக. ஆனால் ஊர் அவளை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடும். என்னை லிகாயா என்று கூப்பிடும். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

ஜூன் மாதக் கூட்டத்தில் மீன்காரி சாயோங் கையைத் தூக்கினாள்.

"டாக்டரம்மா, உசோக் எந்த விரல்ல வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். உசோக் என்றால் கண்ணேறுதான். ஒரு குழந்தையைப் புகழும்போது 'புவேரா உசோக்', அதாவது கண் படாமல் இருக்கட்டும், என்று சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் குழந்தைக்குக் காய்ச்சல். அப்புறம் புகழ்ந்தவரே வந்து தன் எச்சிலைக் குழந்தையின் வயிற்றில் தடவினால்தான் அது இறங்கும்.

"அது எந்த விரல்லயும் வராது. பொறாமைக்குக் கிருமி கிடையாது. கிருமி இருக்கிறது எச்சில்லதான். அதைப் போய் புள்ள மேல தடவிக்கிட்டு உக்காந்திருக்காதீங்க" என்றாள் நெனித்தா.

பொறாமைக்குக் கிருமி இருந்திருந்தால் முதலில் படுக்கையில் விழுந்திருக்க வேண்டியவள் அவள்தான். ஏழு வருஷத்துக்கு முன் அவள் புருஷன் பெர்த்தோவும், எதிர்வீட்டு ரோவேனாவின் புருஷன் காயோவும் சவுதியில் வெல்டர் வேலைக்கு எழுதிப்போட்டு, உடம்பு பரிசோதனைக்கு ஒரே வரிசையில் நின்றார்கள். காயோ தேறினான். பெர்த்தோவின் எக்ஸ்ரேயில் நுரையீரலில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. காசநோய். ஆறு மாதம் மாத்திரை தின்றதில் நோய் போயிற்று, தழும்பு போகவில்லை. அந்தத் தழும்போடு யாரும் சவுதிக்கு விமானம் ஏற முடியாது. அவன் ட்ரைசைக்கிள், அதாவது பைக்கின் பக்கத்தில் பெட்டி வைத்த வாடகை வண்டி, ஓட்டப் போனான். அவனுக்குத் தினம் மாத்திரை எடுத்துக்கொடுத்த பழக்கத்தில்தான் நெனித்தா கிருமிகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டுப் படித்து, நீலச் சட்டை போட்டாள்.

எதிர்வீடு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. முதலில் பளபளவென்று தரை, அப்புறம் மாடி. போன ஏப்ரல் கடைசியில் இரண்டு கதவு வைத்த ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது, ஆளைவிட உயரமாக. நாலு பேர் அதைத் தூக்கிக்கொண்டு போனதை நெனித்தா ஜன்னலில் நின்று பார்த்தாள்.

"அந்தப் பாழாப்போன தழும்பு இல்லேன்னா அது என் வீட்டு ஃபிரிட்ஜுடி" என்றாள் என்னிடம். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

எங்கள் வேலையில் வெள்ளிக்கிழமை தோறும் கொசுப்புழு தேட வேண்டும். மேல்தெரு அவளுக்கு, கீழ்த்தெரு எனக்கு. வீட்டுக்குள் போய் பீப்பாய், பூச்சாடி, பழைய டயர் எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வாசலில் தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். ஃபிரிட்ஜ் வந்த பிறகு ரோவேனா வீட்டுக்குள் நெனித்தா காலே வைக்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடி கையை நீட்டி அட்டையை எடுப்பாள், தொடையில் வைத்துக் கையெழுத்துப் போடுவாள், நடையைக் கட்டுவாள். நான் தெருமுனையில் நின்று பார்ப்பேன். டாக்டரம்மாவும் டிமிக்கி கொடுப்பாள் என்று தெரிந்ததில் எனக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது.

ஜூலையில் ஒரு ஞாயிறு. மாதா கோவிலில் பூசை முடிந்து படியில் ரோவேனாவும் அவள் மகள் மிக்காவும் இறங்கினார்கள். மிக்காவுக்கு நாலு வயது. அப்பன் அனுப்பிய மஞ்சள் கவுன், மஞ்சள் ஷூ. நெனித்தா குனிந்து அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

"அடேயப்பா, என்னமா கொழுகொழுன்னு இருக்கா! சவுதி சாக்லேட்டு பூராவும் கன்னத்துலதான் இருக்கு!"

ரோவேனா அந்த இரண்டு வார்த்தைக்காகக் காத்து நின்றாள். நெனித்தா சொல்லவில்லை. மறுநாள் காலையில் மிக்காவுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

நாங்கள் இரண்டு பேரும் பெயர்ப்பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது ரோவேனா வந்தாள்.

"நெனித்தாக்கா, ஒரு நிமிஷம் வந்து என் புள்ள வயித்துல எச்சில் தொட்டு வச்சிட்டுப் போங்க."

"நான் நேத்துதான் பேசுனேன். இன்னிக்குக் காய்ச்சல் வருதுன்னா கிருமி போன வாரமே உள்ள போயிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் பாரு. கொசுக்காய்ச்சலா இருக்கும்."

"உசோக் எறங்காம ஊசி போட்டா புள்ள செத்துப்போயிரும்க்கா. எங்க வீட்டுல எல்லாரும் சொல்றாங்க."

"ஊரு முழுக்க எச்சில் தடவாதேன்னு சொல்லிட்டு நானே வந்து தடவுவேனா? வேற வேலையப் பாரு."

அது கிருமிக்காகச் சொன்னது மட்டும் இல்லை. எச்சில் தடவினால், ஆமாம், உன்னைப் பார்த்து எனக்குப் பொறாமை என்று ஊரறிய ஒத்துக்கொண்ட மாதிரி. அதற்கு அவள் செத்தாலும் இறங்கி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் சாயோங்கிடம் சேதி கேட்டேன். நெனித்தாவைக் கொஞ்சம் குத்திப் பார்க்கலாம் என்று போனேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"உன் எச்சில் இல்லாமலே எதிர்வீட்டுப் புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சாம்."

"புள்ள சாப்புடுதா?"

"இல்லியாம். வயிறு வலிக்குதுன்னு அழுதுட்டு, இப்ப தூங்கிக்கிட்டே இருக்காம். கை கால் ஜில்லுன்னு இருக்காம்."

அரிசிச் சட்டி அப்படியே கீழே விழுந்தது.

"கொசுக்காய்ச்சல் விடுறப்பதாண்டி ஆபத்து!" என்று கத்திக்கொண்டே ஈரக்கையோடு தெருவைத் தாண்டினாள். நானும் பின்னால் ஓடினேன்.

ரோவேனா கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் வீங்கிய கண்ணோடு நின்றாள்.

"வண்டியக் கூப்பிடுறேன், புள்ளையத் தூக்கு" என்றாள் நெனித்தா.

"மொதல்ல தொட்டு வைங்க. இல்லேன்னா தூக்க மாட்டேன்."

"நேரம் இல்ல ரோவேனா!"

"ஒரு சொட்டு எச்சில்தானக்கா கேக்கறேன். அதுகூடக் கொடுக்க மனசு வரல, அவ்வளவு பொறாமையா எங்க மேல?"

நெனித்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தெருவில் அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அவள் சத்தமாகச் சொன்னாள்:

"ஆமா. பொறாமைதான். ஏழு வருஷமா. திற."

கேட் திறந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பளபளத் தரையில் ஓடினாள். மிக்காவின் சட்டையைத் தூக்கி, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, வயிற்றில் சிலுவை போட்டாள். "உசோக் போயிரு, போயிரு" என்று சொன்னாள். அந்த வயிறு முழுக்கப் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

பெர்த்தோவின் ட்ரைசைக்கிளில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சாயங்காலம்வரை வீட்டில் வைத்திருந்தால் என்று ஆஸ்பத்திரி டாக்டர் ஆரம்பித்து, ரோவேனாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இரண்டு நாள் இழுபறி. மூன்றாம் நாள் மிக்கா கஞ்சி கேட்டாள்.

மாற்றுத்துணி எடுத்துவரச் சொல்லி ரோவேனா வீட்டுச் சாவியை நெனித்தாவிடமே கொடுத்தாள். கூட நானும் போனேன். துணியை எடுத்த பிறகு நெனித்தா சமையலறையில் நின்றாள். டார்ச்சை எடுத்தாள். ஃபிரிட்ஜின் பின்பக்கம் அடியில், தண்ணீர் சொட்டி விழும் தட்டை இழுத்தாள். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து அடிக்குப் போயின. அவள் தட்டை வெளியே கொண்டுபோய் வெயிலில் கொட்டித் தேய்த்துக் கழுவினாள். பிறகு கேட்டில் தொங்கிய அட்டையை எடுத்து, ஃபிரிட்ஜ் வந்த பிறகு போட்ட கையெழுத்துகளை எண்ணினாள். பதினொன்று.

"இதுல பொறந்த கொசுதான் கடிச்சுதுன்னு யாருடி சொல்ல முடியும்? ஊரெல்லாம் கொசு" என்றேன்.

"யாரும் சொல்ல முடியாது. அதான் நான் சொல்லணும்" என்றாள்.

மிக்கா வீடு திரும்பிய அன்று ரோவேனா ஒரு தட்டு அரிசிக் கேக்கோடு வந்தாள். "உங்க எச்சில்தான்க்கா என் புள்ளையக் காப்பாத்துச்சு" என்றாள். நெனித்தா அட்டையை எடுத்து அவள் கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ரோவேனா அட்டையைப் புரட்டிப் பார்த்தாள்.

"அப்ப உங்க கண்ணுதான். நான் சொன்னது சரிதான்."

"சரிதான்."

கேக்குத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை நெனித்தா போனபோது கேட் திறந்தே இருந்தது. "செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க. மொதல்ல ஃபிரிட்ஜுக்குப் பின்னால பாருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஆகஸ்ட் கூட்டத்தில் நெனித்தா வழக்கம்போல ஐந்து விரலையும் விரித்தாள். சாயோங் கேட்பதற்கு முன்பே, "உசோக் எந்த விரல்னு கேட்டீங்கல்ல? எங்க தெருவுல அது நடுவிரல்ல வந்துச்சு" என்று, அட்டையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஊர் இன்னமும் அவளை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறது.

மிக்காவை எடை போடும் முறை வந்தது. சொல்லியிருக்க ஆறு கிலோமீட்டர் தள்ளி சுகாதார அலுவலகம் இருந்தது, பக்கத்திலேயே நெனித்தா இருந்தாள், எனக்கு வாயும் இருந்தது. பதினோரு வெள்ளிக்கிழமை அவள் கேட்டோடு திரும்பியதைத் தெருமுனையில் நின்று பார்த்தேன். தராசில் ஏற்றும்போது யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கட்டைவிரலை நாக்கில் தொட்டு மிக்காவின் வயிற்றில் தடவினேன்.

மிக்கா கண்ணை விரித்துப் பார்த்தாள். "ஏன் அத்தை? நீங்கதான் ஒண்ணும் சொல்லலியே?"

"ஆமாண்டி கண்ணு, நான் ஒண்ணும் சொல்லல" என்றேன்.