தண்ணீர் வராத படகு

அன்று படகில் இருந்தது நான், என் மனைவி, மைத்துனன், மீன்கூடையோடு இரண்டு பெண்கள். பாலாற்று முகத்துவாரத்தில் அக்கரைக்கு ஆள் ஏற்றுவதுதான் எங்கள் பிழைப்பு. புது பைபர் படகுக்கு அதுதான் முதல் ஓட்டம்.

அப்பா ஓட்டியது பனைமரத்தைக் குடைந்த தோணி. நான் இத்தனை நாள் ஓட்டியது பலகைப் படகு. அதில் எப்போதும் கசிவு இருக்கும். டப்பாவால் இறைத்துக்கொண்டே போவோம். கசிவு கூடினால் பலகை இணைப்பு விட்டுவிட்டதென்று தெரிந்துகொள்ளலாம்.

இதில் பாதி ஆறு கடந்தும் ஒரு சொட்டு வரவில்லை. குனிந்து அடியைத் தடவினேன்.

"இன்னா மாமா தேடிகினு கீற? தண்ணி வரலன்னு அழுவுறியா?" என்றான் மைத்துனன். பெண்கள் சிரித்தார்கள்.

"இது ஒடையப் போவுதுன்னா முன்னாடியே எப்டிடா தெரியும்?" என்றேன்.

சிரிப்பு நின்றது. கூடைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

"வாய வச்சிகினு சும்மா இருக்க மாட்டியா?" என்றாள் மனைவி, மெதுவாக.

மறுநாள் அந்தப் பெண்கள் வரவில்லை. பாலம் வழியாகச் சுற்றி ஷேர் ஆட்டோவில் போனதாகக் கரையில் சொன்னார்கள். இன்றுவரை அப்படித்தான் போகிறார்கள்.

இறைக்கும் பழைய டப்பாவை இந்தப் படகிலும் வைத்திருக்கிறேன். இதில் அது நனைந்ததே இல்லை. படகுக்குப் பணம் கொடுத்த மீன் வியாபாரிக்கு இன்னும் நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் பாக்கி.