முதுகுப் பக்கமிருந்து பார்த்த கிரிக்கெட்

நடந்தவை இவை:

1. புக்கிட் ரோத்தானை அடுத்த ஒரு தோட்டத்தில் இரண்டாம் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவரை எனக்கு மாப்பிள்ளையாகப் பேசி வந்தார்கள்.
2. அவர் கிரிக்கெட்டில் எல்லை ஓரம் நிற்பவர் என்றும், அந்த ஆட்டத்துக்காகவே கோலாலம்பூரில் ஒரு பெரிய கந்தோர் அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளும் என்றும் சொன்னார்கள்.
3. எடுத்துக்கொள்ளாது என்று நான் கணித்தேன். அதனால் சம்மதித்தேன்.
4. தன் ஆட்டத்தில் என்ன குறை என்று அவர் என்னிடம் கேட்டார். சொன்னேன்.
5. அவர் அந்தக் குறையைத் திருத்திக்கொண்டார்.

மூன்றாவதும் நான்காவதும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று கேட்பவர்கள் சொல்கிறார்கள். எனக்கு ஒட்டுகிறது. ஆனாலும் விரித்து எழுதுகிறேன்.

கோலாலம்பூர்க் கந்தோர்களுக்குள் கிரிக்கெட்டில் பெரிய போட்டி உண்டு. தோட்டத்தில் நன்றாக விளையாடும் கிராணி ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டால் அழைத்து ஒரு நாள் ஆடவிட்டுப் பார்ப்பார்கள். பிடித்துப்போனால் உத்தியோகம் கிடைக்கும், குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அதனால் எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் மாப்பிள்ளை பார்க்கும்போது சாதகத்தோடு கிரிக்கெட்டையும் விசாரிப்பார்கள்.

எங்கள் தோட்டத்துத் திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் நடக்கும். கோலா சிலாங்கூரிலிருந்து ஒரு குழு வரும்; சில சமயம் பத்தாங் காலியிலிருந்து லோரி ஏறி வருவார்கள். ஓலை வேய்ந்த அத்தாப்புக் கொட்டகையில் துரையும் கிராணிமாரும் உட்காருவார்கள். பெண்களுக்கு அங்கே இடமில்லை. திடலின் மறு கோடியில், எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் பாய் விரித்து நாங்கள் உட்காருவோம். வாய்க்காலுக்கு அப்பால் லயத்து ஆட்கள், வரிசை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்கள், நிற்பார்கள். பந்து போடுகிற இடம் எங்களுக்கு வெகுதூரம். அங்கே வெள்ளை உடுப்புகள் அசைவது மட்டும் தெரியும். எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் எல்லை ஓரம் நின்ற மூன்று பேர்தான். அவர்களையும் முதுகுப் பக்கமாகத்தான் தெரியும்.

கோலாலம்பூரில் நான் தாதிப் பயிற்சி பெற்றபோது எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது, நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கு முன் அவர் கட்டிலிலிருந்து எப்படி இறங்குகிறார் என்று பார்ப்பது. எந்தக் கால் முதலில் தரையைத் தொடுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் மரத்தடியிலும் நான் கால்களைத்தான் பார்த்தேன். மூன்று பேரைப் பற்றியும் நான் கண்டது இது.

ஸ்டோர் கிராணி: பாய்ந்து விழுந்து பிடிப்பார். திடலே கை தட்டும். தாமதமாக ஓடத் தொடங்குவதால்தான் அவர் பாய வேண்டியிருக்கிறது என்பது எனக்குச் சில ஆட்டங்களிலேயே தெரிந்துவிட்டது. கோலாலம்பூருக்கு வழியே இல்லை என்று தள்ளிவிட்டேன்.

தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார்: மட்டையில் பந்து பட்ட சத்தம் எங்களுக்குக் கேட்பதற்குள் நகர்ந்திருப்பார். பந்து வரும்போது அங்கே நின்றுகொண்டிருப்பார். பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். யாரும் கை தட்டுவதில்லை. மூவரில் சிறந்தவர் அவர்தான். ஆனால் வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது, தோளும் போய்விட்டது.

மூன்றாமவர் எனக்குப் பேசி வந்தவர். பக்கத்துத் தோட்டத்துக்காரரானாலும் எங்கள் குழுவில்தான் ஆடினார்.

"அந்தா, வலப்பக்கம் நிக்கிறார். வடிவாப் பார் பிள்ளை" என்றார் சின்னம்மா.

"முதுகுதான் தெரியுது சின்னம்மா."

"முதுகுக்கு என்ன குறை? நேராத்தானே இருக்கு. உன்ர சித்தப்பாவுக்கு இப்பிடி ஒரு முதுகு இருந்தால் நான் ஏன் அழப்போறன்?"

பாயில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பெரிய கிராணியின் மனைவி முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, "வாற வருஷம் ஆள் கோலாலம்பூரிலதான். எங்கட அவரே சொன்னவர்" என்றார்.

நான் பார்த்தேன். தோள் நல்ல தோள். எல்லையிலிருந்து எறிந்தால் பந்து ஒரே ஒரு முறைதான் தரையில் படும். ஓட்டமும் நீளம். ஆனால் பந்து அடிபட்டவுடன் ஒவ்வொரு முறையும் இரண்டு அடி பின்னால் வைத்துவிட்டுத்தான் முன்னால் வந்தார். எங்கள் திடலில் அது குற்றமாகத் தெரியாது. இது கடலோரக் களிமண். காலை மழைக்குப் பிறகு பந்து சேற்றில் அமர்ந்து ஆள் வரும்வரை காத்திருக்கும். கோலாலம்பூர்த் திடல் அப்படியல்ல. பயிற்சிக் காலத்தில் அதன் ஓரமாக நான் தினமும் நடந்திருக்கிறேன். ரோலர் போட்டு இறுகிய தரை, ஒட்ட வெட்டிய புல். அங்கே இந்த இரண்டு அடிக்குள் பந்து கோட்டைத் தாண்டிவிடும். ஆகவே இவரை எடுக்கமாட்டார்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் சின்னம்மாவிடம், எனக்குச் சம்மதம் என்றேன். கோலாலம்பூர் ஆசைதான் காரணம் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் விளக்கவில்லை.

என் காரணம் தோட்ட ஆஸ்பத்திரியின் பின்னால் இருந்த ஓர் அறை. மண்ணெண்ணெய் டின்னும் பழைய சாக்கும் போட்டுவைத்திருந்த அந்த அறையை நான் துரையிடம் கேட்டு வாங்கிச் சுண்ணாம்பு அடித்துப் பிரசவ அறையாக்கியிருந்தேன். நான்கு கட்டில்கள். அதுவரை லயத்துப் பெண்கள் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த ஆண் டிரஸ்ஸரிடம் வர வெட்கப்பட்டு லயத்திலேயே பெற்றார்கள்; சிலர் பிழைக்கவில்லை. இப்போது வரத் தொடங்கியிருந்தார்கள். நான் கோலாலம்பூருக்குப் போனால் என் இடத்துக்கு இன்னொரு தாதி வரமாட்டாள். அறைக்குள் மறுபடியும் டின்கள் வந்துவிடும்.

பேச்சு முடிவாகிச் சில வாரங்களில், ஒரு ஞாயிறு பிற்பகல், அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பந்து பட்டு இடது நடுவிரல் மூட்டு விலகியிருந்தது. டிரஸ்ஸர் லயத்துக்குப் போயிருந்தார். வாசலில் கூட்டிக்கொண்டிருந்த ஆயா கதவோரம் நின்றாள். நான் விரலை இழுத்து இருத்தினேன். அவர் சத்தம் போடவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது.

"மிஸ்ஸிமார் சொல்லிப்போட்டு இழுக்கமாட்டினமோ?" தோட்டங்களில் தாதிமாரை மிஸ்ஸி என்பார்கள்.

"சொன்னால் கையை இழுப்பீங்கள்."

அவர் சிரித்தார். நான் மூங்கில் சிம்பை வைத்துக் கட்டத் தொடங்கினேன். முகத்தை அப்போதுதான் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன்.

"நீங்கள் மாட்ச் பாக்க வாறனீங்களாம். என்ர ஆட்டம் எப்பிடி?"

"உங்களை எடுக்கமாட்டினம்."

"பகிடியோ?"

"இல்லை. பந்து அடிபட்ட உடன ரெண்டு அடி பின்னால வைக்கிறீங்கள். எல்லாப் பந்துக்கும். கிட்ட விழுறதுக்கும்."

"நானோ?" அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். "ஒருத்தரும் சொல்லேல்லையே."

"அவை எல்லாரும் உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கினம். குதிக்காலில நிக்கிறீங்கள். அதாலதான். முன்பாதத்தில நிண்டால் பின்னால போகாது."

அவர் எழுந்து நின்று முன்பாதத்தில் பாரத்தை வைத்துப் பார்த்தார். கட்டின் நுனி என் கையில் இருந்தது.

"இருங்கோ. இன்னும் முடியேல்லை."

அவர் உட்கார்ந்தார். ஆயா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏன் சொன்னாய் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்டார், சொன்னேன். குறை எது என்று தெரிந்துகொண்டே, கேட்கிறவரிடம் ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வராது.

அவர் விரல் குணமாகித் திடலுக்குத் திரும்பியபோது என் பார்வை அவர் குதிக்காலில் இருந்தது. முதல் ஆட்டத்தில் தடுமாறினார். வாய்க்காலுக்கு அப்பாலிருந்து ஒருவன், "கிராணி ஐயா, காலுல முள்ளு குத்திருச்சா? கோழியாட்டம் நடக்குறீங்களே!" என்று கத்தினான். அடுத்தடுத்த ஆட்டங்களில் அந்தப் பின்னடி ஒன்றாகக் குறைந்தது; பிறகு மறைந்தது. அதன்பின் அவர் பாயவும் இல்லை, தடுமாறவும் இல்லை. பந்து வந்த இடத்தில் நின்றார். வாத்தியாருக்குப் போலவே அவருக்கும் யாரும் கை தட்டவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடமே அறையின் நினைவு வந்தது.

கோலாலம்பூரிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த மாதமே எனக்குப் பேசியவரையும் ஸ்டோர் கிராணியையும் அழைத்தார்கள். சின்னம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அது ஆஸ்பத்திரி வரை வந்தது. எட்டு மாதத்தில் கால் வீங்கிப் படுத்திருந்த ரப்பர் பால் வெட்டும் பெண் ஒருத்தி என் முன்றானையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ்ஸி, நீங்க கோலாலம்பூரு போறீங்களாமே? அப்ப எனக்கு யாரு பிரசவம் பாப்பாங்க?"

"இன்னும் ஒண்டும் முடிவில்லை."

"போறதுன்னா நான் பெத்தப்புறம் போங்க. அந்த டிரஸ்ஸரு ஐயாகிட்ட நான் காட்ட மாட்டேன், சொல்லிட்டேன்."

அவர் கோலாலம்பூருக்கு ஏறிய பஸ் கிள்ளான் வழியாகப் போனது. சனிக்கிழமை போனவர் திங்கட்கிழமை மாலை ஆஸ்பத்திரிக்கு வந்து, எப்போதோ குணமான விரலை நீட்டினார்.

"நோகுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை. வாறதுக்கு ஒரு சாட்டு வேணுமெல்லோ."

"எடுத்தினமோ?"

"பந்தெல்லாம் பிடிச்சனான். ஒண்டும் தப்பேல்லை. தரையைச் சொல்ல வேண்டியதில்லை, கண்ணாடி மாதிரி. அங்கத்தைப் பெரியவர் வந்து கையைப் பிடிச்சுக் குலுக்கினவர். எனக்கு நெஞ்சு இவ்வளவு பெருத்திட்டுது. பிறகு மட்டையைத் தந்தினம்."

"அதுக்கென்ன?"

"அதுக்கென்னவோ? நான் பத்தாவது ஆள். சிலநேரம் பதினோராவது. முதல் பந்திலயே அவுட். பாவம் பாத்து இன்னொருக்கால் தந்தினம். அதிலயும் அவுட்." அவர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இது தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. மரத்தடியில் யாருக்குமே தெரியாது. எங்கள் ஆட்கள் மட்டை பிடிக்கும்போது எங்களுக்கு முன்னால் நிற்பது வேறு ஊர்க்காரர்களின் முதுகுகள். அவர்களைப் பார்த்து என்ன பயன் என்று அப்போதுதான் நாங்கள் சாப்பாட்டுக் கூடையைத் திறப்போம். இத்தனை மாதங்களாக ஒருவருடைய காலை அடி அடியாக எடைபோட்ட நான், அவர் மட்டை பிடித்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"பந்து பொறுக்கிறதுக்கு மட்டும் ஆர் உத்தியோகம் தருவான்? ஸ்டோர் கிராணியை எடுத்திட்டினம். அவர் முதல் ஆளா இறங்கி மத்தியானம் வரை அடிச்சவர்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சிரிப்பு சீக்கிரம் நின்றது. "எனக்கு ஆசை இருந்தது. இல்லையெண்டு சொல்லமாட்டன்."

அப்போது நான் அவரை அந்த அறைக்குக் கூட்டிச்சென்று வாசலில் நிறுத்திக் காட்டினேன். எதற்காகச் சம்மதித்தேன் என்பதையும் சொன்னேன்.

"அப்ப, என்னை எடுக்கமாட்டினம் எண்டுதான் ஓம் எண்டனீங்களோ?"

"ஓம்."

"எடுத்திருந்தால்?"

"வந்திருப்பன். சந்தோஷமா வந்திருப்பன் எண்டு சொல்லமாட்டன்."

அவர் நான்கு கட்டில்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். உள்ளே கால் வீங்கிய பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லது. ஆனால் இதை உங்கட சின்னம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. ஒரு கந்தோரும் எடுக்காத, முழங்கால் உடைஞ்ச மாப்பிள்ளையாத் தேடித் தந்திடுவா" என்றார்.

சின்னம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, கோலாலம்பூர் இல்லாவிட்டால் பேச்சே வேறு, இன்னும் நாள் வைக்கவில்லை, விட்டுவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன்.

"அவரில என்னத்தைக் கண்டனீ?"

"சொன்னதைக் கேட்டுக் காலைத் திருத்தினவர் சின்னம்மா. முப்பது வயசில. இந்தத் தோட்டத்தில வேற ஆர் அப்பிடிச் செய்வினம்?"

சின்னம்மா யோசித்தார். "உன்ர சித்தப்பா செய்யமாட்டார்" என்றார். அதோடு சரி.

கல்யாணம் தைப்பூசத்துக்குப் பிறகு நடந்தது. அவருடைய தோட்டத்துக் கிராணி வீட்டில் இருக்கிறோம். இரண்டு தோட்டங்களையும் இணைக்கும் சடக்கு வழியாக நான் வேலைக்கு நடந்து போகிறேன். ஸ்டோர் கிராணி கோலாலம்பூரில் நன்றாக ஆடுகிறாராம். என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லை ஓரம் நிற்கிறார், பத்தாவதாக இறங்குகிறார். துரை இன்னொரு கட்டில் தந்திருக்கிறார். இந்த வாரம் ஐந்து கட்டிலிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.