கேட்காமல் பூட்டிய கரியர்

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, என் பழைய மவுண்டன் பைக்கைப் புத்தளம் பக்கம் மாம்புரிச் சந்தியில் சைக்கிள் திருத்துகிறவரிடம் கொண்டுபோனேன். தினமும் வேலைக்கு ஓட அது வேண்டியிருந்தது. உப்புக்காற்று செயினையும் ரிம்மையும் தின்றிருந்தது.

மெலிந்த, கறுத்த மனிதர். தொப்பிக்குக் கீழே நரைத்த முடி. ஊரில் எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் ‘நானா’ என்பார்கள். ஒரு கிழமை கழித்துப் போனபோது கியர் சிக்காமல் மாறியது. ஆனால் பின்னால், நான் கேட்காத கரியர் ஒன்று பூட்டியிருந்தது. அவர் அதில் பெண்களைப்போல இரண்டு கால்களையும் ஒரு பக்கம் போட்டு உட்கார்ந்து குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் சைக்கிளையும் அப்படி இருந்து பார்க்காமல் கொடுக்கமாட்டாராம்.

“இதைக் கழட்டுங்க நானா. பைக்கின்ர வடிவே போயிட்டு,” என்றேன்.

“நானும் அப்ப என்ர சைக்கிள் கரியர வடிவுக்கெண்டுதான் கழட்டி வச்சிருந்தன் தம்பி,” என்றார். “தொண்ணூறுல மன்னார்ல இருந்து முஸ்லிம் சனம் எங்கள இயக்கம் வெளியேத்தின நேரம், உம்மாக்கு நடக்க ஏலாது. முன் பார்ல இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தன். கம்பி நோகுது மகன், நோகுது மகன் எண்டு சொல்லிச் சொல்லி வந்தா. புத்தளத்தக் காண முன்னமே உசிர் போயிட்டு, மௌத்தாயிட்டா.”

நான் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏறுங்க, ஒருக்கா ஓடிப் பாப்பம்,” என்றார்.

அவரைக் கரியரில் வைத்துக் கடற்கரைவரை மிதித்தேன். என் சேர்ட்டைப் பிடித்தபடி வந்தார். இறங்கியதும் கரியரைத் தடவினார்.

“நோகல்ல,” என்றார், என்னைப் பார்க்காமல்.